பத்து அங்குலக் கொலுசு எங்கே போனது?

ஒவ்வொரு மதிப்புக்கும் கீ என்று ஒரு பெயர் வைத்துச் சேர்க்கும் அசோசியேட்டிவ் அரேயை, ஃபார்ஈச் என்ற லூப் போட்டு ஒவ்வொன்றாகச் சுற்றுவது, வெப்சைட் எழுதும் மொழியான பி.எச்.பி. படிக்கத் தொடங்கிய முதல் வாரத்திலேயே கைக்கு வந்துவிடும். ஓர் அடுக்கு வரை யாருக்கும் தகராறு கிடையாது. அரேக்குள் அரே, அதற்குள் இன்னொன்று என்று மூன்று நான்கு அடுக்கு இறங்கும்போதுதான் கணக்கு உதைக்கும். அப்போது எல்லோரும் லூப்பைத்தான் நோண்டுவார்கள். நான் பார்த்த வரைக்கும் லூப் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். உள்ளே இருக்கிற அரே, நாம் மனதில் வைத்திருக்கும் வடிவத்தில் இருக்காது.

சேலத்தில் எனக்கு வருகிற வேலை பெரும்பாலும் இருப்புக் கணக்கு, கூலிக் கணக்கு, பில், ரூம் புக்கிங். பாதிக்கு மேல் வேறு யாரோ எழுதி விட்டுப்போன கோட். புதிதாக எழுதுவதைவிடப் பழையதைப் படித்துப் புரிந்துகொள்ளவே நேரம் போகும். அப்படிப் படித்ததில் கிடைத்த சில விஷயங்களைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒரு சின்னக் குறிப்பு. கோட் வரிகளையும் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். ஃபார்ஈச், அஸ், அன்செட் போன்றவற்றை நீங்கள் அடிக்கும்போது ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளுங்கள். டாலர் குறிக்குப் பின்னால் வரும் வேரியபிள் பெயரைத் தமிழிலேயே வைத்தாலும் பி.எச்.பி. ஏற்றுக்கொள்ளும். நான் வேலையில் அப்படி வைப்பதில்லை, எனக்குப் பிறகு வருகிறவர் எந்தக் கீபோர்டோடு வருவாரோ தெரியாது. ஆனால் விளக்குவதற்கு இது வசதி.

செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளிக் கொலுசு வியாபாரி. சிவதாபுரம், பனங்காடு பக்கத்துப் பட்டறைகளுக்கு வெள்ளியைக் கொடுத்து, கூலிக்குச் செய்து வாங்கி, வெளியூர்க் கடைகளுக்கு மொத்தமாக அனுப்புகிறவர். அவருடைய இருப்பைக் காட்டும் வெப் பக்கம் இந்த வடிவத்தில் ஓர் அரேயைக் கட்டி, அதைச் சுற்றித்தான் அட்டவணை போடும்:

$இருப்பு = [
    'முத்து' => [
        '9.5' => ['ஜோடி' => 20, 'எடை' => 1190],
        '10' => ['ஜோடி' => 30, 'எடை' => 1860],
        '10.5' => ['ஜோடி' => 8, 'எடை' => 520],
    ],
    'சலங்கை' => [ … ],
];

முதல் அடுக்கு டிசைன். அடுத்தது அங்குலத்தில் அளவு. அதற்குள் எத்தனை ஜோடி, எத்தனை கிராம். எண்கள் நான் உதாரணத்துக்குப் போட்டவை, வடிவம் அசல். பல வருடம் ஒழுங்காக ஓடிய பக்கம் அது.

ஒருநாள் அவர் கூப்பிட்டார். “தம்பி, பெட்டியில இருக்கற வெள்ளி கம்ப்யூட்டர்ல இல்லையே, கொஞ்சம் வந்து பாருங்க” என்றார். வெள்ளி வியாபாரத்தில் இதைவிடப் பதற வைக்கும் வாக்கியம் கிடையாது. எடை குறைந்தால் முதலில் சந்தேகம் விழுவது கடையில் வேலை செய்யும் பையன்கள் மேல்தான். நான் போனபோது இரண்டு பேர் தராசுக்குப் பக்கத்தில் முகம் செத்துப்போய் உட்கார்ந்திருந்தார்கள்.

டேட்டாபேஸில் எல்லா வரியும் பத்திரமாக இருந்தது. வெப் பக்கத்தில்தான் இல்லை. அட்டவணையில் 9.5, 10.5 என்ற வரிசைகளே காணோம். 9 என்று ஒரு வரிசை, 10 என்று ஒரு வரிசை. 10 என்ற வரிசையில் எட்டு ஜோடி என்றிருந்தது. மேலே உள்ள உதாரணத்தைப் பாருங்கள், எட்டு ஜோடி என்பது பத்தரை அங்குலத்தின் கணக்கு. அதாவது அரை அங்குல அளவுகள் தொலையவில்லை. அவை முழு அங்குலத்தின் இடத்தில் போய் உட்கார்ந்து, ஏற்கெனவே அங்கே இருந்த முப்பது ஜோடியை அழித்துவிட்டன. 58 ஜோடி இருக்க வேண்டிய இடத்தில் 28. கிராமில் 3570-க்குப் பதில் 1710.

காரணம் இதுதான். பி.எச்.பி. அரேயில் கீ என்பது இரண்டே வகைதான்: முழு எண், அல்லது ஸ்ட்ரிங் எனப்படும் எழுத்துச் சரம். அரே, ஆப்ஜெக்ட் போன்றவற்றை ஏற்காது, ஃப்ளோட், ட்ரூ, ஃபால்ஸ் போன்றவற்றைக் கொடுத்தால் அது இந்த இரண்டில் ஒன்றாக மாற்றப்படும். '10' என்று மேற்கோளுக்குள் கொடுத்தாலும் அது முழு எண் 10 ஆகிவிடும். '10.5' முழு எண் இல்லாததால் ஸ்ட்ரிங்காகவே நிற்கும். '08' போல முன்னால் பூஜ்யம் இருந்தாலும் ஸ்ட்ரிங்தான். ஆனால் மேற்கோள் இல்லாத 10.5, அதாவது ஃப்ளோட், கீயாகப் போனால் புள்ளிக்குப் பின்னால் உள்ளது வெட்டப்பட்டு 10 ஆகும். ட்ரூ 1 ஆகும், ஃபால்ஸ் 0 ஆகும்.

சரி, பல வருடம் ஓடியது திடீரென்று ஏன் கெட்டது? ஹோஸ்டிங்காரர்கள் சர்வரில் பி.எச்.பி. பதிப்பை 7.4-லிருந்து 8.1-க்கு மாற்றியிருந்தார்கள். 7.4-க்கான பாதுகாப்பு ஆதரவு 2022 நவம்பரோடு முடிந்துவிட்டது, அதனால் மாற்றியதில் தப்பு சொல்ல முடியாது. அளவு என்ற நெடுவரிசை மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸில் ஃப்ளோட் வகை. பி.எச்.பி.க்காக டேட்டாபேஸோடு பேசும் பி.டி.ஓ., பழைய பதிப்பில் தன் வழக்கமான அமைப்பில் எல்லா மதிப்பையும் ஸ்ட்ரிங்காகவே கொடுக்கும். 8.1-லிருந்து முழு எண்ணை முழு எண்ணாகவும், ஃப்ளோட்டை ஃப்ளோட்டாகவும் கொடுக்கிறது. '10.5' என்று வந்துகொண்டிருந்தது 10.5 என்று வந்தது. கோடில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. $இருப்பு[$டிசைன்][$அளவு] = … என்ற அதே வரி வேறு கீயை உருவாக்கத் தொடங்கியது.

இதில் இன்னொரு கொடுமை, அதே 8.1 பதிப்பு இதைப் பற்றி எச்சரிக்கவும் செய்கிறது. ஃப்ளோட்டைக் கீயாக மாற்றும்போது பின்னம் தொலைந்தால் டெப்ரிகேட்டட், அதாவது இதைக் கைவிடுங்கள், என்று ஒரு செய்தி எழுதும். எரர் லாக் ஃபைலைத் திறந்தால் அதே வரி ஆயிரக்கணக்கில் குவிந்து கிடந்தது. திரையில் எதுவும் காட்டக்கூடாது என்று அமைத்திருந்ததால் யார் கண்ணிலும் படவில்லை. லாக் ஃபைல் எவ்வளவு வேகமாக வளர்கிறது என்று மாதம் ஒருமுறை பார்த்தாலே போதும், உள்ளே படிக்கக்கூட வேண்டாம்.

சரிசெய்ய இரண்டு வழி. கீயாகப் போடும் இடத்தில் ஸ்ட்ரிங்காக மாற்றிவிடலாம். அப்போது 10 முழு எண்ணாகவும் 10.5 ஸ்ட்ரிங்காகவும் ஒரே அடுக்கில் கலந்து நிற்கும். கணக்கு சரியாக வரும், ஆனால் பின்னால் எங்காவது $அளவு === '10' என்று மூன்று சமக்குறி போட்டு ஒப்பிட்டால் அது பொருந்தாது. நான் செய்தது வேறு. அந்த நெடுவரிசையின் வகையையே டெசிமலாக மாற்றி, ஒரு தசம இடம் என்று வைத்தேன். டெசிமலை பி.டி.ஓ. இன்றும் ஸ்ட்ரிங்காகத்தான் தரும். எனவே '9.5', '10.0', '10.5' என்று எல்லாமே ஒரே வகைக் கீயாக வந்துவிட்டன. '10.0' என்பதில் புள்ளி இருப்பதால் அது முழு எண்ணாக மாறாது. கூடவே அளவை உள்ளே ஒரு மதிப்பாகவும் வைத்துவிட்டேன்: ['அளவு' => '10.0', 'ஜோடி' => 30, 'எடை' => 1860]. கீ தேடுவதற்கு மட்டும், காட்டுவதற்கு உள்ளே இருக்கும் மதிப்பு. கீயைத் தகவலாக நம்புவதை நான் அத்தோடு விட்டேன்.

அந்தப் பக்கத்தின் அடியில் இப்போது மொத்த எடை இரண்டு தடவை வருகிறது. ஒன்று லூப்பில் கூட்டியது, இன்னொன்று டேட்டாபேஸே சம் போட்டுக் கொடுத்தது. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் சிவப்பாகிவிடும். எழுத ஐந்து நிமிடம் ஆகாது. தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையன்களில் ஒருவன் அதன் பிறகு எனக்குத் தட்டுவடை செட் வாங்கிக் கொடுத்தான், கடைக்காரர் கொடுத்த காசைவிட அது எனக்குப் பெரிதாகப் பட்டது.

அரே நாம் நினைத்த வடிவத்தில் இருக்காது என்று தொடக்கத்தில் சொன்னேன். அந்த வடிவத்தைப் பார்க்க, அரேயைத் திரையில் கொட்டும் ப்ரின்ட்_ஆர் போதாது. அதில் முழு எண் மதிப்பும் ஸ்ட்ரிங் மதிப்பும் ஒரே மாதிரி தெரியும், கீயும் அப்படியே. வார்_டம்ப் போட்டால் ஸ்ட்ரிங் கீக்கு மேற்கோள் இருக்கும், முழு எண் கீக்கு இருக்காது, மதிப்பின் வகையும் கூடவே வரும். வெளியீடு நீளமாக வருகிறது என்று பலர் தவிர்ப்பார்கள். முழு அரேயையும் கொட்ட வேண்டியதில்லை, முதல் டிசைனை மட்டும் எடுத்துக் கொட்டுங்கள். 7.3-லிருந்து அரே_கீ_ஃபர்ஸ்ட் இருக்கிறது, முதல் கீயை எடுக்க அது போதும்.

அடுத்தது பெயர். நான் பிரித்துப் பார்த்த பழைய கோட் ஏறக்குறைய எல்லாவற்றிலும் கே, வி, கே2, வி2 என்றுதான் வேரியபிள்கள் இருந்தன. இரண்டு அடுக்கு வரை பொறுத்துக்கொள்ளலாம். நாலாவது அடுக்கில் வி3 என்பது எடையா, எடை இருக்கும் அரேயா என்று தலையைச் சொறிய வேண்டும். இதில் படிக்கும் சிரமம் மட்டும் இல்லை, ஆபத்தும் உண்டு. பி.எச்.பி.யில் லூப்புக்குள் உருவான வேரியபிள் லூப்போடு சாவதில்லை. வெளி லூப்பிலும் உள் லூப்பிலும் ஒரே பெயரை வைத்தால், உள் லூப் முடிந்ததும் அந்த வேரியபிளில் உள்ளே கடைசியாக வந்த கீ நிற்கும். வெளி லூப் தன் அடுத்த சுற்றுக்குச் சரியாகவே போய்விடும், அதனால் எல்லாம் ஓடுவது போலத் தெரியும். ஆனால் உள் லூப்புக்குக் கீழே அந்தச் சுற்றின் மொத்தத்தை எழுதும் வரி, ‘முத்து மொத்தம்’ என்பதற்குப் பதில் ‘எடை மொத்தம்’ என்று எழுதி வைக்கும்.

ஃபார்ஈச் ($இருப்பு அஸ் $டிசைன் => $அளவுகள்) {
    ஃபார்ஈச் ($அளவுகள் அஸ் $அளவு => $வரிசை) {
        $மொத்தம்[$டிசைன்] = ($மொத்தம்[$டிசைன்] ?? 0) + $வரிசை['எடை'];
    }
}

கீக்கு ஒருமைப் பெயர், அதற்குள் இருக்கும் அரேக்குப் பன்மைப் பெயர். இவ்வளவுதான் நான் பின்பற்றும் வழக்கம். வாய்விட்டுப் படித்தால் அர்த்தம் வர வேண்டும். மூன்றுக்கு மேல் அடுக்கு தேவைப்பட்டால் உள்ளே இருப்பதைத் தனி ஃபங்ஷனாக வெட்டி எடுத்துவிடுவேன். அந்த ஃபங்ஷனுக்குப் பெயர் தோன்றவில்லை என்றால் அரேயைக் கட்டிய விதமே சரியில்லை என்று எடுத்துக்கொள்வேன்.

மேலே இரட்டைக் கேள்விக்குறி போட்டிருக்கிறேன். அது 7.0-ல் வந்தது. எத்தனை அடுக்கு ஆழத்தில் கீ இல்லாவிட்டாலும் சத்தம் போடாமல் வலது பக்க மதிப்பைக் கொடுக்கும். ஃபார்ஈச்சுக்குள் $அளவுகள் ?? [] என்று போட்டால், இல்லாத அரேயைச் சுற்றப்போய் வரும் எச்சரிக்கையும் நின்றுவிடும். வசதிதான். ஆனால் நிறையப் பேர் இதை உப்பு மாதிரி எல்லா இடத்திலும் தூவுகிறார்கள். கூட்டும்போது தொடக்க மதிப்புக்கு ?? 0 சரி. $வரிசை['எடை'] ?? 0 என்று மட்டும் நான் எழுத மாட்டேன். எடை இல்லாத ஒரு கொலுசு வரிசை வந்தால் அது கத்த வேண்டும். 8.0-லிருந்து இல்லாத கீயைக் கேட்டால் நோட்டீஸுக்குப் பதில் வார்னிங் வருகிறது, அந்த மாற்றத்தை நான் வரவேற்கிறேன். பணம், எடை, அளவு மூன்றிலும் பூஜ்யம் என்ற அமைதியான பொய்யைவிட நின்றுபோன பக்கம் நல்லது.

இனி மலைக்கு ஏறுவோம். ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் ஒரு காபித் தோட்டத்துக்குக் கூலிக் கணக்கு. சேர்வராயன் மலையில் காபி வந்தது 1820-களில், சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில். இன்றும் பழம் பறிப்பு நடக்கும் மாதங்களில்தான் தோட்டத்தில் கணக்கு எழுதும் ரைட்டருக்குத் தலைக்கு மேல் வேலை. பறிப்புக்குக் கிலோக் கணக்கில் கூலி. எனவே அரே இப்படி: பிளாக் என்ற தோட்டப் பகுதி, அதற்குள் ஆள், அதற்குள் நாள், அதற்குள் கிலோ.

அங்கே இருந்த கோடில் கூலியைப் போட்டு நிரப்ப ரெஃபரன்ஸ் வைத்திருந்தார்கள். ஃபார்ஈச்சில் வேரியபிளுக்கு முன்னால் & போட்டால் நகலுக்குப் பதில் அசலே கையில் வரும், அதில் மாற்றினால் அரேயிலும் மாறும். ஃபார்ஈச் ($பிளாக்குகள் அஸ் &$பிளாக்) என்று ஒரு லூப்பில் கூலியைப் போட்டுவிட்டு, கீழே ஃபார்ஈச் ($பிளாக்குகள் அஸ் $பிளாக்) என்று இன்னொரு லூப்பில் அச்சிட்டார்கள். ரைட்டர் சொன்ன புகார்: “கடைசி பிளாக்குக்கு எப்பப் பார்த்தாலும் அதுக்கு முந்தின பிளாக்கோட கணக்கே வருதுங்க சார்.”

இது பி.எச்.பி.யின் மிகப் பழைய குழி. முதல் லூப் முடிந்த பிறகும் $பிளாக் என்ற வேரியபிள் அரேயின் கடைசி உறுப்பைப் பிடித்துக்கொண்டே இருக்கிறது. இரண்டாவது லூப் ஒவ்வொரு சுற்றிலும் $பிளாக்கில் ஒரு மதிப்பை எழுதுகிறது, அது நேரே கடைசி உறுப்பில் போய் விழுகிறது. அ, ஆ, இ என்று மூன்று பிளாக் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் சுற்றில் இ-யின் இடத்தில் அ. இரண்டாவது சுற்றில் அதே இடத்தில் ஆ. மூன்றாவது சுற்றுக்கு வரும்போது அங்கே இருப்பது ஆ. அச்சில் அ, ஆ, ஆ. ரைட்டரின் புகார் வார்த்தைக்கு வார்த்தை சரி. ஒரே ஒரு பிளாக் இருக்கும் நாளில் எந்தப் பிழையும் தெரியாது, சோதித்துப் பார்த்தவர்கள் அப்படித்தான் ஏமாந்திருக்க வேண்டும்.

முதல் லூப் முடிந்த கையோடு அன்செட்($பிளாக்) என்று ஒரு வரி போட்டால் பிடி விட்டுவிடும். புத்தகங்கள் அதைத்தான் சொல்லும், சரியும்கூட. ஆனால் அந்த வரியை யாராவது ‘எதற்கு இது’ என்று அழித்துவிடுவார்கள். நான் ரெஃபரன்ஸையே எடுத்துவிட்டு, கீயைக் கொண்டு நேரடியாக எழுதினேன்:

ஃபார்ஈச் ($பிளாக்குகள் அஸ் $பிளாக் => $ஆட்கள்) {
    ஃபார்ஈச் ($ஆட்கள் அஸ் $ஆள் => $நாட்கள்) {
        $பிளாக்குகள்[$பிளாக்][$ஆள்]['கூலி'] = கூலி_கணக்கு($நாட்கள்);
    }
}

நீளம்தான். ஆனால் எது மாறுகிறது என்று கண்ணால் பார்க்க முடிகிறது. சுற்றிக்கொண்டிருக்கும் அரேயையே மாற்றுகிறோமே என்று பயப்பட வேண்டாம். 7.0 பதிப்பிலிருந்து, ரெஃபரன்ஸ் இல்லாத ஃபார்ஈச், லூப் தொடங்கும்போது இருந்த அரேயைத்தான் கடைசி வரை சுற்றும். ஒன்று மட்டும் கவனம்: இந்த லூப்புக்குப் பிறகு ஆளுக்குள் நாட்களோடு ‘கூலி’ என்ற கீயும் சேர்ந்து நிற்கும். அடுத்த லூப்பில் நாட்களைச் சுற்றினால் கூலியும் ஒரு நாளாக வந்து நிற்கும். அதனால் நாட்களைத் தனியாக ‘நாட்கள்’ என்ற கீக்குள் தள்ளிவிட்டேன். ஓர் அடுக்கில் ஒரே இனம்தான் இருக்க வேண்டும். நாட்கள் இருக்கும் இடத்தில் நாட்கள் மட்டும்.

ரெஃபரன்ஸ்தான் வேண்டும் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உள் லூப்பில் மட்டும் & போட்டால் பலன் இல்லை. வெளி லூப் கொடுத்தது நகல், நகலுக்குள் செய்த மாற்றம் அந்தச் சுற்றோடு போய்விடும். எல்லா அடுக்கிலும் போட வேண்டும், எல்லா அடுக்கிலும் அன்செட் செய்ய வேண்டும்.

அதே தோட்டத்தில் வேறொரு விநோதம். வாரக் கணக்கை உள்ளிடும் ஃபார்மில் கடைசிச் சில பெயர்களுக்குப் போட்டது எதுவும் சேமிக்கப்படவில்லை. ஆள் குறைவான வாரத்தில் பிரச்சினை இல்லை, பறிப்பு உச்சத்தில் இருக்கும்போது மட்டும். மலையில் சிக்னல் விட்டுவிட்டு வருவதால் பழி முதலில் நெட்வொர்க் மேல் விழுந்தது. ஃபார்மில் ஒவ்வொரு கட்டத்தின் பெயரும் ஆட்கள்[12][திங்கள்][கிலோ] என்ற மாதிரி சதுர அடைப்புக்குறியோடு இருந்தது. இப்படி எழுதினால் பி.எச்.பி. தானாகவே அடுக்கு அரேயாகக் கட்டிக் கொடுத்துவிடும், அருமையான வசதி. ஆனால் ஒரு ஃபார்மிலிருந்து எத்தனை மதிப்பு வாங்கலாம் என்பதற்கு மேக்ஸ்_இன்புட்_வார்ஸ் என்று ஓர் எல்லை உண்டு, இயல்பாக 1000. நாற்பது பேர், ஏழு நாள், ஒரு நாளுக்கு நாலு கட்டம் என்றால் 1120. மிச்சம் 120 மதிப்பு ஒரு வார்னிங்கோடு கீழே விழுந்துவிடும். லூப் தனக்கு வந்ததை ஒழுங்காகச் சுற்றும், வராததைப் பற்றி அதற்கு என்ன தெரியும்? எல்லையை உயர்த்தலாம். நான் பிளாக்குக்கு ஒரு ஃபார்ம் என்று பிரித்தேன், ரைட்டருக்கும் அதுவே வசதியாக இருந்தது. கூடவே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்ற எண்ணை ஃபார்மின் உச்சியில் மறைவாக வைத்து அனுப்பி, வந்து சேர்ந்த அரேயின் எண்ணிக்கையோடு ஒப்பிடுகிறேன். உச்சியில் என்பது முக்கியம், அடியில் வைத்தால் அதுவும் சேர்ந்து விழுந்துவிடும்.

பின்கோடைக் கீயாக வைத்து கூரியர் கட்டணம் எழுதுபவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். '636001' சேலம், '636601' ஏற்காடு. இரண்டும் முழு எண் கீயாக மாறிவிடும். இப்படி இரண்டு பட்டியலை அரே_மெர்ஜ் கொண்டு சேர்த்தால் அது முழு எண் கீகளை அழித்துவிட்டு 0, 1, 2 என்று புதிதாக எண் போட்டுவிடும். கட்டணம் இருக்கும், ஊர் இருக்காது. கூட்டல் குறியால் சேர்த்தால் கீ அப்படியே நிற்கும், ஆனால் ஒரே கீ இரண்டிலும் இருந்தால் இடது பக்கம்தான் வெல்லும். புதியது பழையதை மாற்ற வேண்டும் என்றால் அரே_ரீப்ளேஸ். அடுக்கு அரேக்கு, உள்ளடுக்குகளுக்குள்ளும் இறங்கும் அதன் ரிகர்சிவ் வடிவம். அரே_மெர்ஜ்_ரிகர்சிவ் என்று ஒன்று இருக்கிறது, பெயரைப் பார்த்து எடுத்துவிடாதீர்கள். ஒரே ஸ்ட்ரிங் கீக்கு இரண்டு பக்கமும் மதிப்பு இருந்தால் இரண்டையும் ஓர் அரேயாகச் சேர்த்து வைத்துவிடும். கட்டணம் 60 என்பது [60, 75] ஆகிவிடும்.

மே மாதக் கோடை விழா சமயத்தில் ஏற்காட்டில் ரூம் வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் வெப்சைட் ஞாபகம் வரும். அப்படி ஒரு தங்கும் விடுதிக்கு, விலை குறைந்த ரூம் முதலில் வர வேண்டும். பி.எச்.பி. பக்கம், ரூம் எண்ணைக் கீயாகக் கொண்ட அரேயை, கீயை மாற்றாமல் அடுக்கும் யூஏசார்ட் கொண்டு விலைப்படி அடுக்கியாயிற்று, வார்_டம்ப்பில் வரிசை சரியாக இருக்கிறது. பிரவுசரில் மட்டும் ரூம் எண் வரிசையில் வருகிறது. பி.எச்.பி. அரே, போட்ட வரிசையை அப்படியே காப்பாற்றும். அதை பிரவுசருக்கு அனுப்ப ஜேசன் என்ற எழுத்து வடிவமாக மாற்றும்போது கீ 0, 1, 2 என்று தொடர்ச்சியாக இல்லாததால் ஆப்ஜெக்டாகப் போகிறது. ஜாவாஸ்கிரிப்ட் ஆப்ஜெக்டில் முழு எண் போலத் தெரியும் கீகள் எப்போதும் சிறியதிலிருந்து பெரியதாகத்தான் வரும், நாம் எந்த வரிசையில் அனுப்பினாலும் சரி. ரூம் எண்ணை உள்ளே ஒரு மதிப்பாக வைத்து, அரே_வேல்யூஸ் போட்டு வெறும் பட்டியலாக அனுப்பினேன். அரே_ஃபில்டர் போட்ட பிறகும் இதே கதைதான். நடுவில் ஒன்று போனால் கீயில் ஓட்டை விழும், பட்டியலாகப் போய்க்கொண்டிருந்தது ஒருநாள் ஆப்ஜெக்டாகப் போகும், பிரவுசரில் ஜாவாஸ்கிரிப்ட், மேப் என்ற ஃபங்ஷன் இல்லை என்று அழும்.

அடுக்கு எத்தனை என்றே தெரியாத அரே கடைசி வகை. இளம்பிள்ளையில் சேலை விற்கும் ஒரு கடையின் வகைப் பட்டியல். வகைக்குள் உள்வகை, அதற்குள் இன்னும் உள்வகை, எங்கே முடியும் என்பது கடைக்காரர் இஷ்டம். இதற்கு அரே_வாக்_ரிகர்சிவ் பயன்படாது. அது இலைகளை, அதாவது உள்ளே அரே இல்லாத கடைசி மதிப்புகளை, மட்டும்தான் தொடும், உள்ளே அரே வைத்திருக்கும் கீயை நம்மிடம் காட்டாது. வகையின் பெயரே அந்தக் கீதான். ரிகர்சிவ்அரேஇட்டரேட்டர் வழியில் போனாலும் இயல்பாக இலைகள்தான் வரும், செல்ஃப்_ஃபர்ஸ்ட் அல்லது சைல்ட்_ஃபர்ஸ்ட் என்று கேட்டால்தான் பெற்றோரும் வருவார்கள். அதன் முடிவை இட்டரேட்டர்_டு_அரே கொண்டு அரேயாக்கும்போது, வெவ்வேறு அடுக்கில் ஒரே கீ இருந்தால் பின்னால் வந்தது முன்னதை அழிக்கும், அதைத் தவிர்க்க இரண்டாவது இடத்தில் ஃபால்ஸ் கொடுக்க வேண்டும். மெனுவுக்கு ஒவ்வோர் அடுக்கிலும் திறக்கும் டேக், மூடும் டேக் போட வேண்டியிருப்பதால் இதெல்லாம் சுற்றி வளைப்பு. தன்னைத்தானே கூப்பிடும் சின்ன ஃபங்ஷன் எழுதினேன், வகைகளையும் ஆழத்தையும் வாங்கிக்கொள்ளும். பெயரை அச்சிடும், உள்ளே ஏதாவது இருந்தால் ஆழத்தில் ஒன்று கூட்டித் தன்னையே கூப்பிடும். ஒரு திரைக்குள் மொத்தமும் அடங்கிவிட்டது.

ஆழத்தை அனுப்புவது உள்தள்ளுவதற்காக மட்டும் இல்லை. டேட்டாபேஸில் ஒவ்வொரு வகைக்கும் அதன் தாய் வகை எது என்று ஓர் எண் இருக்கும். கடையில் யாரோ ‘சாஃப்ட் சில்க்’ என்ற வகைக்குத் தாயாக அதன் கீழே இருந்த உள்வகை ஒன்றையே தேர்ந்தெடுத்துவிட்டார்கள். ஒன்றுக்குள் ஒன்று என்று வட்டமாகிவிட்டது, மரத்தைக் கட்டும் ஃபங்ஷன் நினைவகம் தீரும்வரை ஓடிச் செத்தது. இப்போது ஆழம் பத்தைத் தாண்டினால் ஃபங்ஷன் அங்கேயே நின்று, அந்த வகையின் எண்ணை லாக்கில் எழுதிவிடும். தாய் வகையைத் தேர்ந்தெடுக்கும் பட்டியலில் அந்த வகையும் அதன் கீழே உள்ளவையும் வராதபடி செய்துவிட்டேன். அந்தப் பட்டியலைத் தயாரிப்பதற்கும் அதே ஃபங்ஷன்தான்.